வாசலில் எழுந்த முந்தானை

நத்தத்துக்காரி ஆனந்தி, திண்டுக்கல் ஸ்கேன் மையமொன்றில் பதினோரு வருடமாக எம்.ஆர்.ஐ. எடுக்கிறாள். அந்த இயந்திரத்தின் காந்தம் ராப்பகலாக அணைவதே இல்லை என்பது மட்டும் இன்றும் அவளுக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

ஒருநாள் காலை வடமதுரையிலிருந்து நாகஜோதி தன் ஐந்து வயது மகளைத் தூக்கி வந்தாள். பிள்ளைக்கு விடிந்தால் வாந்தி, நடந்தால் தள்ளாட்டம். இரண்டு மாதம், உடுக்கடித்துப் பேயோட்டும் கோடாங்கியிடம் மந்திரித்தும் கேட்கவில்லை.

“இரும்பு ஏதும் வச்சிருக்கியாம்மா?”

மூன்று முறை கேட்டும் நாகஜோதி இல்லையென்றே தலையாட்டினாள்.

மயக்க மருந்தில் தூங்கிய பிள்ளையைச் சுமந்து அறை வாசலை மிதித்ததும், காற்றே இல்லாத இடத்தில் அவள் முந்தானை முடிச்சு தானாக எழுந்து இயந்திரத்தை நோக்கி நீண்டு நின்றது. ஆனந்தி அவளை வெளியே இழுத்தாள். முடிச்சுக்குள் ஓர் ஆணி. காத்துக்கருப்பு அண்டாதிருக்கக் கோடாங்கி கொடுத்தது. வெளியே சொன்னால் பலிக்காதாம்.

“பாத்தீங்களா, எம்புள்ளைய அதுதேன் இழுக்குது! ஸ்கேனும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாங்க போறோம்.”

“இழுத்தது மிஷினோட காந்தம். பேயா இருந்தா ஆணியப் பாத்து ஓடியிருக்கணும்ல?”

நாகஜோதி பிள்ளையை ஆனந்தியிடம் கொடுத்தாள்.

இயந்திரம் தடதடவென்று இடித்தது. திரையில் அந்தச் சின்னத் தலையின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பின்மூளையில், எலுமிச்சை அளவில், வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. பிள்ளை சிரித்தபோதும் தூங்கியபோதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

ஆனந்தி வெளியே வந்ததும் நாகஜோதி கேட்டாள், “உள்ள ஏதாச்சும் இருக்குதா?”

டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி.

“இருக்கும்மா. டாக்டர் விவரமா சொல்லுவாரு. கோடாங்கிகிட்ட மட்டும் திரும்பப் போயிராத.”