இடப்பக்கப் பல்லுக்கு ரெண்டு இழுப்பு

மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் வீட்டின்மேல் விழப் பார்த்தது. அறுத்தது நான்தான். மெஷினால் மரம் அறுக்கும் வேலையில் அது எனக்குப் பதினாறாவது வருஷம். கூட ஆளில்லாமல் போன முதல் மாதம்.

அதுவரை செல்வராசு இருந்தான். ஒரே தெரு, முறைக்கு மச்சான். மெஷின் என்னுடையது. அறுப்பதும் நான், செயின் பல்லுக்கு அரம் போட்டுக் கூர் தீட்டுவதும் நான். அவன் ஏறிக் கயிறு கட்டுவான், கிளை கழிப்பான். மகன் கூப்பிட்டான் என்று குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டான். என் மனைவி இறந்து நாலு வருஷம். சில நாள் பெட்ரோல் பங்கில் "ஒரு லிட்டர்" என்று சொல்வதுதான் நான் பேசும் முதல் வார்த்தை.

மரத்துக்காரர் நாகம்மா, வயதானவர். "ஒன்கூட வர்ற ஆளு எங்கப்பா?" என்றார்.

"நான் ஒருத்தனே போதும்மா."

ஏணி எட்டின உயரத்தில் கயிறு கட்டி, எதிரிலிருந்த பூவரசில் இழுத்துக் கட்டினேன். சாயவேண்டிய பக்கம் முன்வெட்டுப் போட்டுவிட்டுப் பின்னாலிருந்து அறுத்தேன். நேராகப் போகவேண்டிய வெட்டு பாதியில் கீழே வளைந்தது. அழுத்திப் பிடித்தும் திரும்பவில்லை. மரம் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, செயின் ஓடும் பார் உள்ளே சிக்கிக்கொண்டது. அந்தப் பக்கம்தான் ஓட்டு வீடு. கயிறு ஒன்றுதான் மரத்தைத் தாங்கி நின்றது.

"வெளிய வாம்மா!" என்று கத்தினேன்.

"அடுப்புல சோறு கெடக்குடா!"

உள்ளே ஓடிக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பக்கத்து முந்திரிக்கொல்லையில் உழுதுகொண்டிருந்தவர் டிராக்டரைக் கொண்டுவந்து கயிற்றை இழுத்தார். மரம் வயல் பக்கம் விழுந்தது. நாகம்மா திட்டவில்லை. "இனிமே ஒத்தையில வராத" என்று மட்டும் சொன்னார்.

செயினைக் கழற்றிப் பெரம்பலூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "ரெண்டு பக்கமும் ஒரே அளவா இல்லண்ணே. ரைட் பல்லு நல்லாருக்கு. லெஃப்ட் மொக்கை. கோணையாத்தான் அறுக்கும். யாரு அரம் போட்டது?"

"நான்தான்" என்றேன். பதினாறு வருஷமாக அதே கைதான் அரம் போட்டது. இத்தனை நாள் ஏன் கோணவில்லை என்று புரியவில்லை. பஸ்ஸில் வரும்போது செல்வராசுக்குப் போன் போட்டேன்.

சிரித்தான். "மச்சான், ஒனக்கு இடப்பக்கம் கை வளையாது. பல்லுக்கு அரம் ரெண்டு இழுப்பு கொறையும். நீ டீக்குப் போறப்ப நான் போட்டு வச்சிடுவேன்."

"எத்தன நாளா?"

"மொதல்லேருந்தே."

"சொல்லியிருக்கலாமில்லடா?"

"சொன்னா கோவிச்சுக்குவ. மெஷினு ஒன்னுது. நான் திருப்பூர் கெளம்புனன்னிக்கும் கோவத்துலதான பஸ் ஏத்திவிடக்கூட வரல நீ."

அன்றைக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். அதை அவனிடம் சொன்னேன். போனில் அவன் பேரக்குழந்தை அழுவது கேட்டது. "அப்பறம் கூப்புடறேன் மச்சான்" என்று வைத்துவிட்டான்.

இப்போது நான் தனியாக மரம் சாய்ப்பதில்லை. விழுந்த மரத்தைத் துண்டு போடும் வேலைக்கு மட்டும் போகிறேன். ஏலாக்குறிச்சிப் பக்கம் அதற்கே ஆள் கூப்பிடுகிறார்கள்.

புதிதாக மெஷின் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அரம் போடத் தொடங்கும் பல்லில் சாக்பீஸ் குறி வையுங்கள். இருப்பதிலேயே குட்டையான பல்லைப் பார்த்து மற்றவற்றை அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். கை வராத பக்கத்தை முதலில் போடுங்கள், கை ஓய்ந்தபின் அது வரவே வராது. எல்லாப் பல்லுக்கும் இழுப்பை எண்ணுங்கள். முடிந்ததும் ஒரு கட்டையை அறுத்து, வெட்டை வேறொருவரிடம் காட்டுங்கள். நம் கோணல் நம் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும்.

எனக்குப் பக்கத்தில் காட்ட ஆளில்லை. படம் எடுத்துத் திருப்பூருக்கு அனுப்புகிறேன். சில சமயம் மறுநாள்தான் பார்க்கிறான். "சரியா இருக்கு மச்சான்" என்று அவன் சொல்லும்வரை நான் வேலையை ஆரம்பிப்பதில்லை.