ஈர விரல்கள்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த அந்த நர்ஸ் ஒல்லியானவர். கழுத்துச் சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டேதான் பேசுவார். பிறந்து இரண்டே நாளான எங்கள் மகளுக்கு மூச்சுத் திணறியபோது, வராந்தாவில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"நீங்களும் கிறிஸ்டியன்தானே சார்? சாமியார் அரியாங்குப்பத்துலேருந்து வரணும், லேட்டாவும். அவசரத்துக்கு நாமளே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம். குழந்தை ஜென்மப் பாவத்தோட போவக் கூடாது."

"போவும்னு யார் சொன்னது? ஊத்தாதீங்க!" என்று கத்தினேன்.

உள்ளே போய்த் திரும்பியவரின் விரல்கள் ஈரமாயிருந்தன.

"கை கழுவினேன்" என்றார், சிலுவையைத் தொடாமல்.

மகள் பிழைத்துவிட்டாள். போன ஞாயிறு ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போனோம்.

"முன்னாடி யாராவது குடுத்திருக்காங்களா? ஒரு தடவைதான் குடுக்கலாம்" என்றார் சாமியார்.

"இல்ல ஃபாதர்" என்றாள் மனைவி.

அவர் தண்ணீரை எடுத்தார். மறுபடியும் 'ஊத்தாதீங்க' என்று கத்திவிடுவேனோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.