இரண்டு மீட்டர் ஒயர்

தொலைத்தொடர்பு நிலையத்தில் அவரை எல்லோரும் பூதம் என்றுதான் கூப்பிடுவார்கள். புதையல் காத்த பூதம். பதினொரு வருட ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டாம் மாடியில் ஒரே ஒரு பெட்டியைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ரூட் சர்வர். இணையத்தில் யார் எந்தப் பெயரைத் தட்டினாலும், 'இந்தப் பக்கம் போ' என்று முதல் வழி சொல்வது அது. உலகெங்கும் வைத்த நகல்களில் ஒன்று, இந்தப் பகுதி மக்களுக்கென்று கல்வெட்டோடு வந்தது.

வந்ததோடு சரி. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இணையம் தரும் கம்பெனியின் அலமாரி அதே அறையில், இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறது. மற்றதெல்லாம் தயார், நடுவில் ஒரு ஒயர் போட்டால் போதும். நிலையமா கம்பெனியா, யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்ற கௌரவத்தில் நாலு வருடம் போயிற்று. ஊர் மக்களின் கேள்விகள் கடல் தாண்டிப் போய் வழி கேட்டு வந்தன. யாரும் எதுவும் கேட்காததால் பெட்டி ஒரு நாளும் திணறவில்லை. 'நூறு சதவீத நம்பகத்தன்மை' என்று ஆண்டறிக்கையில் எழுதினார் மேலாளர்.

ஒருநாள் கடலடிக் கேபிள் அறுந்தது. கம்பெனியின் கணினிகள் பழைய வழிகளை இரண்டு நாள் நினைவில் வைத்திருக்கும். மூன்றாம் நாள் காலை மறந்தன. மருத்துவமனையில் நர்ஸாக இருந்த அவருடைய அக்கா போன் செய்தாள்.

"டேய், ரத்த இருப்புப் பட்டியல் திறக்கல. அந்தப் பட்டியல் வச்சிருக்குற சர்வர் நம்ம ஊர்லதானே இருக்கு?"

"பக்கத்துத் தெருவுலதான்க்கா. வழி கேக்கத்தான் கடலைத் தாண்டணும்."

"நல்லா இருக்குடா உங்க லட்சணம்! அப்ப நீ காக்குற பெட்டி எதுக்கு, பூட்டி வச்சு அழகு பாக்கவா?"

அவர் ஒயரைச் சொருகினார். கால் மணி நேரத்தில் மேலாளர் வந்து நின்றார்.

"எவன்யா அனுமதி கொடுத்தது?"

"பதினேழு மனு கொடுத்திருக்கேன் சார்."

"கேட்டா, கொடுத்ததா ஆயிடுமா?"

ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன் போனில் தட்டினார். உள்ளூர்ப் பக்கங்கள் எல்லாம் திறந்தன. அந்தக் கால் மணியில் கம்பெனியின் கணினிகள் கற்ற வழி இரண்டு நாளைக்குத்தான் தாங்கும் என்று பூதம் சொல்லிப் பார்த்தார்.

"பாத்தியா, உன் ஒயர் இல்லாமயே ஓடுது. வந்துட்டாரு மேதாவி!"

அன்றே சீட்டுக் கிழிந்தது. காரணம்: தேவையற்ற இணைப்பு.

இரண்டு நாளில் கணினிகள் மறுபடி மறந்தன. அக்காவின் வார்டில், பிரசவமான ஒரு பெண்ணுக்கு உதிரம் நிற்கவில்லை. எல்லா மருத்துவமனைகளும் ரத்தக் கிடங்குகளுக்கு ஒரே நேரத்தில் போன் போட்டதில் ஒரு லைனும் கிடைக்கவில்லை. அக்கா சொன்னதும் பூதம் நிலையத்துக்கு ஓடினார்.

"பாஸ் இல்லாம விட முடியாது பூதம். என் வேலையும் போகணுமா?" என்றார் காவலாளி.

"நான் வரலப்பா. நீயே போய்ச் சொருகு. மஞ்சள் ஒயர், மேலேருந்து மூணாவது துளை."

காவலாளி மேலாளரைக் கேட்கப் போனார். கம்பெனியிடம் முதலில் கையெழுத்து வாங்கச் சொன்னார் மேலாளர். மின்னஞ்சல் போகவில்லை. கடிதத்தை ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள்.

ஆள் போய்ச் சேருமுன் அந்தப் பெண் இறந்துவிட்டாள். விதி என்றார்கள் வார்டில். விதியாவது, மண்ணாவது! அதற்கு ஒரு அறை உண்டு, மேசை உண்டு, சுழலும் நாற்காலி உண்டு.

கேபிளை ஒட்டியதும் பட்டியல் திறந்தது. அவளுக்குரிய வகை ரத்தம் நாலு பை, இரண்டு தெரு தள்ளி இருந்திருக்கிறது.