சாட்சிக்கு ஒரு கசேரி

நாஞ்சில் நாட்டில் 1920-க்குப் பிறகு ஒரு பதினைந்து வருஷம், எந்தப் பெரிய மனுஷன் எந்த மேடையில் உட்கார்ந்தாலும் அது பெரும்பாலும் ததேயுஸின் நாற்காலியாகத்தான் இருந்தது. கல்யாணம், நாடகம், பிரசங்கம், திவான் வருகை என்று எதற்கும் அவரிடம்தான் ஆள் போகும். பூதப்பாண்டிச் சந்தையை ஒட்டி ஓர் ஓலைக் கொட்டகை. உள்ளே கூரை முட்ட மடக்கு நாற்காலிகள், பெஞ்சுகள், பாய்கள், இரண்டு காஸ் லைட்டுகள். எங்கள் பக்கத்தில் நாற்காலியைக் கசேரி என்போம். அதனால் அவர் பெயர் கசேரி ததேயுஸ்.

அவருடைய தகப்பனார் பனையேறி. மகன் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்து, ஊரைவிட்டுப் போன ஒரு துரையின் ஏலத்தில் ஒரு கட்டு மடக்கு நாற்காலியை வாங்கி, பனைக்குப் போகாமல் பிழைத்துக்கொண்டார். ஊரை உட்கார வைப்பது ஒரு வித்தை. யாருக்கு நாற்காலி, யாருக்கு பெஞ்சு, யாருக்குப் பாய், யாருக்கு வெறுந்தரை என்று எங்கள் ஊரில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ததேயுஸ் அதில் ஒருநாளும் பிசகியதில்லை. தன்னுடைய இடம் காஸ் லைட் கம்பத்தின் அடி என்பதும் அந்தச் சட்டத்தில் அடக்கம். இத்தனை பேரை உட்கார வைத்தவர், நாலு பேர் பார்க்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது.

ஆசை இல்லாமலா? அவருடைய மனைவி ராஜபாய்க்கு அந்த ஆசை கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன சங்கதி.

"அவ்வளவு கொதியா இருந்தா அறைக்குள்ள வச்சு இரியும். யாரு வேண்டாம்ணா?"

"அறைக்குள்ள எவனும் ராசாதான் டீ. நாலு பேரு பாக்க இரிக்கணும்."

1933-ஆம் வருஷத் தொடக்கத்தில் மலைமேல் தோட்டக்காரத் துரைமார்களின் கிளப்பில் ஒரு விருந்து நடந்தது. பாடுவதற்கு ராஜபார்ட் நடிகர் கோலப்ப பிள்ளையைக் கூப்பிட்டிருந்தார்கள். கோலப்ப பிள்ளை என்றால் சும்மாவா? பூதப்பாண்டியில் பிறந்து, கொல்லத்திலிருந்து திருநெல்வேலி வரை கொட்டகைகளை நிரப்பியவர். அவர் மேடையில் அழுதால் சுக்குக்காப்பி விற்கிறவன்கூட விற்பதை நிறுத்திவிட்டு அழுவான். நெஞ்சில் அவர் குத்திக்கொள்ளும் பதக்கங்களில் பாதி ஜமீன்தார்கள் கொடுத்தவை, மீதி அவரே தட்டானிடம் சொல்லிச் செய்தவை என்பது ஊர்ப்பேச்சு. 'கான சிம்மம்' என்ற பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

கிளப்பில் நாற்காலி போதாமல் ததேயுஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவருடைய சுமைக்காரர் ஏசாயா ஆட்களைக் கூட்டிக்கொண்டு நாற்காலிகளைத் தலையில் அடுக்கி மலையேற்றினார். ஏசாயாவும் ததேயுஸும் ஒரே மிஷன் சபை, ஒரே ஞானப்பாட்டு, ஒரே போதகர். ஆனாலும் ஞானஸ்நானத் தண்ணீர் கழுவாத சில காரியங்கள் உண்டு. சபைக் கோயிலில் ததேயுஸ் உட்காரும் பாய் முன்னால், ஏசாயா உட்காரும் பாய் கதவுக்குப் பக்கத்தில்.

விருந்தில் கோலப்ப பிள்ளை உருகி உருகிப் பாடினார். வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்காரப் போனார். கிளப் காரியதரிசி துரை புருவத்தை அசைத்தார். பட்லர் ஓடிவந்து நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, பிள்ளையின் காதோடு சொன்னான்.

"இன்னைக்கு ஒரு நாள் சகிச்சுக்கிடணும். பெரிய துரை வந்திருக்காவ, கோவிச்சுக்கிடுவாவ."

அவரை வராந்தாப் படிக்குக் கீழே நிறுத்தினார்கள். ஒரு துண்டு கேக்கை இலையில் வைத்து அங்கேயே கொடுத்தார்கள். பக்கத்தில் காஸ் லைட்டுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த ததேயுஸ் எல்லாவற்றையும் பார்த்தார், கேட்டார். நடந்தது அநியாயம். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. பாட்டு வேண்டும், பாடினவன் பக்கத்தில் உட்காரக் கூடாது என்கிற வெள்ளைத்தோல் திமிரை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கோலப்ப பிள்ளை மலையிறங்கும்போது சிம்மமாகவே இறங்கினார். அடுத்த நாடகத்தில், கிரீடத்தோடும் அட்டைக் கத்தியோடும் மேடையின் முன்னால் வந்து, "தோலின் நிறத்தைப் பார்த்து மனிதனை நிறுத்தும் வெள்ளையனே!" என்று தொடங்கினார். கொட்டகை அதிர்ந்தது. கதை அதற்குப் பிறகு எங்கே போனது என்று யாரும் கவலைப்படவில்லை.

ஒரு பத்திரிகை 'நாற்காலி மறுத்த நிறத்திமிர்' என்று எழுதியது. இன்னொன்று 'நாற்காலி கேட்ட நாடகக்காரர்' என்று எழுதியது. காரியதரிசி துரை மதராஸ் இங்கிலீஷ் பத்திரிகையில் பதில் போட்டார்: அவமதிப்பு எதுவும் நடக்கவில்லை, சுதேசிகள் நிற்பதையே விரும்புகிறவர்கள், அது அவர்களுடைய வழக்கம். பட்லர் தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டான். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. பிள்ளைவாள் அன்றைக்குக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு கனவு கண்டிருப்பார் என்று சிலர் கண்ணடித்தார்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. காப்பி கிளப்பின் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து மேசையைத் தட்டி வாதாடினார்கள். உள்ளே வரக் கூடாதவர்களுக்கு ஜன்னல் வழியாகச் சிரட்டையில் காப்பி வந்தது. நிறவேற்றுமையைப் பற்றிய வாதமும் அதே ஜன்னல் வழியாகத்தான் வந்தது.

சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று சத்தியாகிரகம் நடந்து ரொம்ப வருஷம் ஆகவில்லை. அப்போது வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவர்கள் பலர், இப்போது 'நிறத்துவேஷ ஒழிப்புச் சங்கம்' தொடங்கினார்கள். வெள்ளைக்காரனைத் திட்டுவதில் ஒரு சௌகரியம், அது நம் வீட்டு அடுக்களை வரைக்கும் வராது. சங்கத்துக்குக் காரியதரிசி வக்கீல் நாராயணபெருமாள் பிள்ளை. அவருக்குச் சாட்சி வேண்டியிருந்தது. ஒருநாள் காலையில் குடையோடு ததேயுஸின் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"நீரு தான் வேய் ஒத்தச் சாட்சி. பூதப்பாண்டியில கூட்டம் போடப் போறோம். நீரு வந்து சொன்னாத்தான் வெள்ளைக்காரனுக்கு வாயடைக்கும்."

முந்தின நாள் வரை 'ஏலே' என்று கூப்பிட்டவர். காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதைக் காலையும் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்.

"சொல்லலாம் ஐயா. ஆனா கிளப்பு வேல போயிரும். மிஷன் துரையும் மொகம் தரமாட்டாவ."

"தேசத்துக்காவச் செய்யிற காரியம் வேய்!"

ததேயுஸ் கையிலிருந்த கயிற்றைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு சொன்னார்.

"வாறேன். ஆனா எனக்கு ஒரு கசேரி வேணும்."

"கசேரியா? ஒம்மகிட்ட இல்லாத கசேரியா?"

"அதில்ல ஐயா. மேடையில. உங்க வரிசையில இரிக்க."

வக்கீல் விழித்தார். பிறகு சிரித்து, "அதுக்கென்ன வேய்! ஒம்ம கசேரி, நீரு இரியும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

ததேயுஸ் அந்த வாரமே நாகர்கோவிலுக்குப் போய், தோளில் போட்டுக்கொள்ளக் கரைபோட்ட ஒரு நேரியல் வாங்கிவந்தார். ராஜபாய் அதைத் தடவிப் பார்த்தார்.

"கோலப்ப பிள்ள வீட்டுக்குக் கசேரி கொண்டுபோனா மாட்டுத் தொழுத்துப் பக்கத்துல எறக்கி வச்சிட்டு வாறீரு. மேடையில மட்டும் மடியில தூக்கி இருத்துவாவளோ?"

"இது அந்தமாரிக் கூட்டம் இல்ல டீ. மனுசன மனுசன் நிறுத்தி வைக்கப்பிடாதுன்னு சொல்லுகதுக்கு உள்ள கூட்டம்."

"செரி. போய்ப் பாத்திட்டு வாரும்."

கூட்டத்தன்று சந்தை மைதானம் கொள்ளவில்லை. நானும் அங்கே இருந்தேன், ஒரு வாரப்பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவனாக. ததேயுஸ் மேடையில் தலைவருக்குக் கைவைத்த நாற்காலி, அடுத்தது கோலப்ப பிள்ளைக்கு, பிறகு வக்கீல்மாருக்கு என்று போட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் தனக்கு ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டார். அதை நேரியலின் நுனியால் இரண்டு தரம் துடைத்தார். பிறகு கீழே இறங்கி, எல்லோரும் வரட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்.

எல்லோரும் வந்தார்கள். தலைவராக வந்தவர் பக்கத்து ஊர்ப் பெரிய பண்ணையார். அவர் உட்கார்ந்ததும் ததேயுஸ் மேடையின் முதல் படியில் கால் வைத்தார். வக்கீல் அவசரமாக வந்து குனிந்தார்.

"ததேயுசு, இன்னைக்கு ஒரு நாள் சகிச்சுக்கிடணும், கேட்டியா. பண்ணையார் வந்திருக்காவ, கோவிச்சுக்கிடுவாவ. நீ கீழயே நின்னு சொல்லு. எங்க நின்னு சொன்னாலும் சத்தியம் சத்தியந்தானே?"

ததேயுஸ் காலை எடுத்துக்கொண்டார். கடைசி நாற்காலி சும்மா கிடப்பானேன் என்று, கோலப்ப பிள்ளைக்காகத் தோவாளையிலிருந்து வந்த மாலைக்கூடையை அதில் வைத்தார்கள். பூவுக்குத் தீட்டில்லையே. எனக்கு அப்போது எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாருக்கும் அதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை.

கோலப்ப பிள்ளை பேசினார். மனித குலம் ஒன்று என்றார். நிற்க வைக்கப்பட்டவனின் வேதனை நின்றவனுக்குத்தான் தெரியும் என்றார். ஆணும் பெண்ணும் அழுதார்கள். அவரும் அழுதார், வழக்கமான இடத்தில் வழக்கம்போல நிறுத்தி. பிறகு வக்கீல் எழுந்து கோர்ட்டுக் குரலில் கேட்டார்.

"சாட்சி சொல்லட்டும்! நம்முடைய கான சிம்மத்தை அந்த வெள்ளையர்கள் எங்கே நிறுத்தினார்கள்?"

"படிக்குக் கீழ ஐயா."

"எவ்வளவு தூரத்தில்? சபையோருக்கு விளங்கும்படி சொல்."

ததேயுஸ் படியைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார்.

"இந்நா, இப்பம் எனக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் தான். கசேரியும் இதுபோலக் காலியாத்தான் கெடந்து."

வக்கீல் அடுத்த கேள்விக்குத் தாவினார், அதுதான் அவர் செய்த தப்பு.

"என்ன சொல்லி நிறுத்தினார்கள்?"

"'இன்னைக்கு ஒரு நாள் சகிச்சுக்கிடணும், பெரிய துரை வந்திருக்காவ, கோவிச்சுக்கிடுவாவ'ன்னு பட்லரு சொன்னான். நீங்க இப்பம் எனக்குச் சொன்னியளே, அதே பேச்சு தான் ஐயா. நீங்க பண்ணையார்னு சொன்ன எடத்துல அவன் துரைன்னான்."

குத்திக்காட்டிச் சொன்னாரா, கண்டதைக் கண்டபடி சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சிரிப்பு முதலில் பின்னால் வெறுந்தரையில் கிளம்பியது. பாய்களுக்கு வந்தது. பெஞ்சுகளைத் தொட்டது. நாற்காலிகளுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. கோலப்ப பிள்ளை மாலைக்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு யாரும் மாலை போடவில்லை, மறந்துபோனார்கள்.

நான் நடந்ததை நடந்தபடி எழுதிக்கொடுத்தேன். ஆசிரியர் அதை வெட்டி, 'சாட்சி உணர்ச்சிப் பெருக்கால் தடுமாறினார்' என்று போட்டார்.

ததேயுஸுக்கு மத்தளத்தைப் போல இரண்டு பக்கமும் இடி. கிளப் வேலை போயிற்று. சங்கத்தாரும் நாற்காலிக்கு நாகர்கோவிலில் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். நல்லவேளை, கல்யாணங்கள் நிற்கவில்லை, அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல, கூட்டத்துக்கு மறுநாள் காலையில் நடந்தது.

அன்று ததேயுஸ் தன் முற்றத்தில், வேலிக்கு இந்தப் பக்கம், தெரு முழுவதும் பார்க்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேடையில் தனக்கென்று போட்டாரே, அதே நாற்காலி. புது நேரியல் தோளில். சபையிலிருந்து சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "மக்கா, வக்கீலுக்க மூஞ்சியப் பாக்கணுமே!" என்று சிரித்து, நடந்ததை அவர் வாயால் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மைதானத்திலிருந்து கடைசி நடையையும் சுமந்துவந்து கொட்டகையில் அடுக்கிவிட்டு ஏசாயா வந்தார். சும்மாட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு முற்றத்துக்கு வெளியே வேலியோரம் நின்றார்.

"கேட்டியா ஏசாயா, நேத்து நான் சொன்னத?" என்றார் ததேயுஸ்.

"கேட்டேன் மொதலாளி. பின்னால தரையில தான் இருந்தேன். மொதல்ல சிரிச்சது நான் தான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு மக்கா."

"இந்தக் கசேரிய எல்லாம் இத்தன வருசமாச் சொமக்கேன். ஒருக்கா அதுல ஏறி இருந்து பாக்கட்டா? இவியோ எல்லாரும் பாக்க."

பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் இருமினார். இன்னொருவர் தெருவைப் பார்த்தார்.

"அதுக்கென்ன மக்கா," என்றார் ததேயுஸ், சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கும்போதே. "இன்னைக்கு ஒரு நாள் சகிச்சுக்கோ. சொந்தக்காரங்க வந்திருக்காவ, கோவிச்சுக்கி..."

கருப்பட்டிக் காப்பியோடு வாசலுக்கு வந்த ராஜபாய் அங்கேயே நின்றுவிட்டார்.

ததேயுஸ் மெல்ல எழுந்தார். நாற்காலி காலியாயிற்று. ஏசாயா முற்றத்துக்குள் வந்து, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மடக்கி, சும்மாட்டைத் தலையில் வைத்து அதன்மேல் தூக்கிவைத்து, கொட்டகைக்குக் கொண்டுபோய் மற்ற நாற்காலிகளோடு அடுக்கினார்.