டாஸ் 2.11-இல் ஓடாத தடுப்பூசிப் பட்டியல்

எண்பதுகளின் கடைசியில், தலைமை அலுவலகம் வேண்டாம் என்று கழித்த கம்ப்யூட்டர் ஒன்று ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி நான்தான். தோட்ட மேனேஜரான துரை என்னைச் சனிக்கிழமைதோறும் ஈப்போ நகரத்துக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பினார். அங்கே பாடம் நடத்தியவர் ஒரு சீனப் பெண்மணி.

வகுப்பு முடிய ஆளுக்கொரு புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். தோட்டத்து மருந்தகத்தைக் கவனித்துக்கொண்ட டிரஸரிடம் பிள்ளைகளின் தடுப்பூசி நோட்டுகளை வாங்கிப்போய், அதிலிருந்ததையெல்லாம் ஏற்றி, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று காட்டும் புரோகிராம் எழுதினேன். ஈப்போவில் அது தடங்கலில்லாமல் ஓடியது. இனி நோட்டைப் புரட்டவே வேண்டாம் என்று டிரஸரிடம் பெருமையடித்தேன்.

அடுத்த வாரமே தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து நர்சுகள் புதன்கிழமை காலை வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் ஊசி போடாத பிள்ளைகளின் பட்டியல் வேண்டும்.

திங்கள் காலை டிரஸரை உட்காரவைத்து, புரோகிராம் இருந்த பிளாப்பித் தட்டைக் கம்ப்யூட்டரில் செருகினேன். திரையில் தலைப்பு வந்தது. பட்டியலைக் கேட்டதும், மேம்பட்ட வசதி கிடைக்காது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றி எல்லாம் நின்றுவிட்டது. இன்னொரு தட்டில் நகல் எடுத்துப் போட்டேன். அதே வரி.

டிரஸர் நோட்டுக் கட்டை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டார்.

"பரவால்லம்மா. நீ அதப் பாரு. நான் இதப் பொரட்டிக்கிட்டு இருக்கேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது. பல வருடத்து நோட்டுகள் அவை. தோட்டம் பிரிந்திருந்த நாலு டிவிசன் பிள்ளைகளும் கலந்து கிடந்தார்கள்.

ஈப்போவுக்குப் போன் போட்டேன். தலைப்பு வந்த பிறகுதானே நின்றது என்று ஆசிரியை கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் தட்டில் கோளாறில்லை என்றவர், உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது எத்தனையாவது டாஸ் என்று பார்க்கச் சொன்னார். கம்ப்யூட்டரையே இயக்கும் அடிப்படை மென்பொருள் அது. பார்த்தேன்: 2.11. வகுப்பில் இருந்தது 3.3.

மறுமுனையில் அவர் சிரித்தது கேட்டது. ஒரே கோப்பைப் பலர் ஒரே நேரத்தில் திறந்தால் கெடாமலிருக்க அதைப் பூட்டும் கட்டளையை அவர்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நானும் அதை மறக்காமல் எழுதியிருந்தேன். பழைய டாஸுக்கு அந்தக் கட்டளையே தெரியாது. ஒற்றைக் கம்ப்யூட்டர் இருக்கிற ஆபீசில் யாரிடமிருந்து பூட்டப்போகிறாய் என்று கேட்டார்.

பூட்டும், திறக்கும் அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தால், அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் வடிவத்துக்கு மாற்றினால், போதும். ஆனால் அதைச் செய்யும் மென்பொருள் எங்களிடம் இல்லை. என் புரோகிராமின் மூலப் பிரதி அவரிடம் இருந்தது. தானே மாற்றி, எங்கள் மலையிலிருந்து ஈப்போவுக்கு முட்டைக்கோசு ஏற்றிப்போய்த் திரும்பும் லோரியில் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.

செவ்வாய் மத்தியானம் வரை டிரஸரோடு நானும் நோட்டைப் புரட்டினேன். பாதிகூடத் தாண்டவில்லை. மழை பிடித்த நேரத்தில் லோரிக்காரர் வந்து, சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தார்.

"நனையக் கூடாதுன்னு அந்த மிஸ் மூணு வாட்டி சொன்னாங்க தங்கச்சி. தாப்பா மலை ரோடு முழுக்க நெஞ்சுலதான் வச்சிருந்தேன்லா."

தட்டைப் போட்டேன். தலைப்பு வந்தது. பட்டியலைக் கேட்டேன். கம்ப்யூட்டரின் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது; பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாக மேலேறின. நான் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டேன். பிரிண்டர் கிரீச்சிட்டபோது டிரஸர் தாளைக் கையாலேயே தாங்கிப் பிடித்தார்.

அவர் கையால் எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். அதுவரை புரட்டிய நோட்டுகளிலேயே ஒரு பெண் குழந்தையை அவர் விட்டிருந்தார். அந்தக் குடும்பம் டிவிசன் மாறி வந்ததில் பெயர் ஒரு நோட்டிலும் ஊசிக் கணக்கு வேறொன்றிலுமாக இருந்திருக்கிறது. டிரஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் புள்ளயத்தான் நான் தெனமும் பாக்குறேன். எனக்கே தெரியல பாரு."

புதன்கிழமை பட்டியலில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் மருந்தகத்து வாசலில் அழுதுகொண்டே வரிசையில் நின்றார்கள். அந்தப் பெண் குழந்தைதான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். காய்ச்சலில் கிடந்த இருவரும் பத்து நாளில் எழுந்து ஓடினார்கள். அவர்களுக்குப் பிறகு வேறு யாருக்கும் அம்மை வரவில்லை.