இரண்டு சலூன் பேராசிரியர்

எழுபதுகளில் கட்சி உடைந்தபோது, தாம்பரத்தில் எங்கள் தெருவில் சலூன் நடத்திய அண்ணன் தம்பியும் பிரிந்து எதிரெதிரே கடை போட்டார்கள். அரசியலால் ஜனங்கள் இரண்டுபடுவதை ஆராய்ந்துகொண்டிருந்த சமூகவியல் பேராசிரியர் ஒருவர், அண்ணனிடம் முடி வெட்டிக்கொள்வார். சவரத்துக்குத் தம்பியிடம் வருவார். ஒல்லியான மனிதர், பெரிய காதுகள். யார் கட்சி பேசினாலும் ‘ம்’ கொட்டிக் கேட்பார்.

நான் தம்பியின் கட்சி. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “சார், நீங்க எந்தப் பக்கம்?” என்றேன்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார், கன்னத்தில் நுரையோடு.

“சார் நம்ம ஆளு. இதுல இன்னா சந்தேகம்?” என்றான் தம்பி.

பேராசிரியர் சிரித்துக்கொண்டே மறு கன்னத்தைக் காட்டினார்.

அண்ணன் கடையிலும் அவரைத் தங்கள் ஆள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லட்டும். அந்தச் சிரிப்பை நேரில் பார்த்தவன் நான். அவர் எங்கள் ஆள்தான்.