பெங்களூர்க் கடன் மரக்காணத்துக்கு வந்தது

இன்று காலை ஒரு கலெக்‌ஷன் ஏஜெண்ட் நாங்கள் வேலை செய்யும் உப்பளத்துக்கே வந்துவிட்டார்.

பெங்களூரில் டிபன் கடை நடத்தியபோது என் கணவர் ஒரு தனியார் ஃபைனான்ஸில் வாங்கிய கடன். கடை நொடித்து, மரக்காணம் வந்து நான்கு வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதன்பிறகு ஒரு பைசா கட்டவில்லை.

“ஸ்டேட் மாறி வந்துட்டா தப்பிச்சிடலாம்னு பாக்குறீங்களா? கர்நாடகா சட்டப்படி உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. பாக்கி இருக்குது, கட்டிடறேன்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க சார், போதும்” என்றார்.

என் கணவர் உப்புக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். நான் சற்றுத் தள்ளிப்போய், திண்டிவனத்தில் வக்கீலாக இருக்கும் தோழிக்கு போன் போட்டேன்.

“எந்த ஸ்டேட்டுக்குப் போனாலும் இதுக்கு ஒரே சட்டம்தான்டி. கடைசியா கட்டி மூணு வருஷம் தாண்டிடுச்சுன்னா கேஸ் போட முடியாது. ஜெயிலுங்கிறதெல்லாம் சும்மா மிரட்டல். ஆனா கட்டறேன்னு கையெழுத்து போட்டா கடனுக்கு மறுபடி உயிர் வந்துடும். போட விடாத!”

திரும்பிப் பார்த்தால் என் கணவர் பேனாவை வாங்கிவிட்டிருந்தார்.

“ஏங்க, வேணாம்!” வரப்பில் ஓடிப்போய்ப் பேனாவைப் பிடுங்கினேன். ஏஜெண்ட் முறைத்துவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். இவரோ வீட்டுக்கு வந்ததிலிருந்து உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறார்.

“கேஸ் போட முடியாது, சரி. வாங்குனது வாங்குனதுதானே?” என்கிறார்.

படிக்கிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் கொடுப்பீர்களா? சோறு போட்டு வைத்திருக்கிறேன், இவர் இன்னும் தொடவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.